மச்சினன் படுத்த கட்டில்

என் கணவர் இன்னொருவரைச் சார்ந்திருப்பவர் என்று சொன்னால் திருநெல்வேலி டவுனில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ரதவீதியில் பாத்திரக்கடை நடத்திய மனிதர். கல்யாணச் சீருக்குக் குத்துவிளக்கும் பித்தளைக் குடமும் வாங்க வந்த பாதி ஊருக்கு அவர் அண்ணாச்சி. ஆனால் என்னுடைய ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. மேலே என் படம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்று. கீழே அவர் படம், 'சார்ந்தவர்' என்று.

அட்டை வந்த அன்று மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஏட்டி, கடைசில என்னை உன் முந்தானைல முடிஞ்சிட்டாங்களே" என்றார்.

"முடிஞ்சு ரொம்ப வருசம் ஆச்சு. கவர்மெண்டுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு" என்றேன்.

அதை அவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவருக்குத் தன்னைப் பற்றிய வேடிக்கை என்றால் ரொம்பப் பிடிக்கும். எனக்கு அந்தக் குணம் கிடையாது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம். பள்ளிக்கூடத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டால் வராந்தாவே அமைதியாகும். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சத்தத்துக்கு அடங்க வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம், அவரும் அடங்கவில்லை.

அந்த அட்டை மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ஆசிரியர்களின் வைத்தியச் செலவை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பார்த்துக்கொள்ளும்தான். நாம் முதலில் செலவழிக்க வேண்டும். ரசீதுகளைக் கோத்து அனுப்ப வேண்டும். அது மேசை மேசையாகப் போய், ஒரு கையெழுத்து குறைகிறதென்று திரும்பி வந்து, மறுபடி போய், பணம் கைக்கு வருவதற்குள் என்ன நோய் என்பதே மறந்துவிடும். பிறகு அந்தப் பொறுப்பைத் தூக்கி ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கொடுத்தார்கள். மாதாமாதம் ஓய்வூதியத்தில் சந்தாவைப் பிடித்துக்கொள்வார்கள். நோய் வந்தால் அவர்கள் பட்டியலில் இருக்கிற மருத்துவமனைக்குப் போகலாம். கம்பெனி சரி என்று சொன்னால் நாம் கட்ட வேண்டியதில்லை. கம்பெனி சரி என்று சொன்னால்.

பாளையங்கோட்டையில் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் எப்போதும் இதே பேச்சுதான். செயலாளர் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மைக் வாடகைக்கு எடுப்பது வீண் செலவு. "நம்மள மொத்தமாத் தூக்கி ஒரு கம்பெனிகிட்ட கொடுத்துட்டுக் கையைக் கழுவிட்டாங்க. தாலுகா ஆபீஸ்னா போயி மேசையைத் தட்டிக் கேக்கலாம். கம்பெனிக்கு மேசை எங்கன இருக்கு? யாராவது சொல்லுங்கவே!" என்று முழங்குவார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து உளுந்தவடையைத் தின்றுகொண்டு, இந்த மனுஷனுக்கு வேற சோலியே இல்லையா என்று நினைப்பேன்.

அப்படியிருக்கும்போதுதான் என் கணவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

குறுக்குத்துறை ஆற்றில் குளித்துவிட்டுப் படியேறும்போது நடுவில் நின்று விடுகிறேன் என்றார். தொப்பையைக் குறையுங்கள் என்றேன். பிறகு இடது தோளில் வலி என்றார். தைலம் தேய்த்தேன். ஒரு நாள் காலையில் தோசை தின்றுகொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு வியர்த்து உட்கார்ந்திருந்தார். ஆட்டோ பிடித்துக்கொண்டு போனோம். டாக்டர் ஒரு குழாயை விட்டுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய்களில் அடைப்பு இருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றார். "தள்ளிப் போடாதீங்கம்மா. இந்த வாரத்துக்குள்ள முடிச்சிரணும். அடுத்த தடவை வந்தா ஆட்டோவுக்கு நேரம் இருக்கும்னு சொல்ல முடியாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

கையிலிருந்து கட்டிச் செய்கிற வைத்தியம் இல்லை அது. வீட்டை விற்றால் முடியும். வீட்டை ஒரு வாரத்தில் யார் வாங்குவார்கள்? ஒரே மகள் கனடாவில் நிறைமாதமாக இருந்தாள். போனில் அழுவதற்குத்தான் அவளால் முடிந்தது. சாமி படத்துக்குப் பின்னால் கிடந்த அட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு போய், மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கொடுத்தேன். தலையில் மல்லிகை வைத்த சிரித்த முகமான பெண். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, "கம்பெனில இருந்து ஒருத்தர் வந்து பேஷண்ட நேர்ல பாப்பாரும்மா. எப்ப வருவாருன்னு சொல்ல மாட்டாங்க. பாத்துட்டாருன்னா அப்ரூவல் வந்துரும். ஐயா கட்டில்ல இருந்தா போதும்" என்றாள்.

கட்டிலில் இருந்தால் போதும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த மனிதனுக்கு இதைவிடச் சுலபமாக ஒரு வேலை கொடுக்க முடியுமா?

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரலில் இருக்கிறான். கூட்டுறவு பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அத்தான் என்றால் அவனுக்கு உயிர். இவருக்கும் அப்படித்தான். எங்கள் வீடுகளில் பெண்டாட்டி கூடப் பிறந்தவன் வந்துவிட்டால் ஒரு மரியாதை உண்டு. அது உங்கள் வீட்டிலும் இருக்கும். ஆனால் என் கணவர் விஷயத்தில் அது மரியாதையைத் தாண்டி ஒரு வியாதி. நல்ல தட்டு அவனுக்கு, ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவனுக்கு, ஆட்டுக்கறி எடுத்தால் நெஞ்செலும்பு அவனுக்கு. பாத்திரக்கடையிலும் இதே பழக்கம்தான். கரண்டி ஒன்று வாங்க வந்தவரைக்கூட நிற்க வைத்துப் பேச மாட்டார். தான் எழுந்து தன் முக்காலியைக் கொடுப்பார்.

தம்பி மத்தியான வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான். கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். நான் அப்போது கீழே ஆதார் அட்டைக்கு நகல் எடுக்கப் போயிருந்தேன். அறையில் இருந்தது ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதற்கப்புறம் நடந்ததை இரண்டு பேரிடமும் தனித்தனியாக விசாரித்தேன். பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உடைந்தால் விசாரிப்பேனே, அப்படி. இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போனது.

இவர் எழுந்து நின்றுவிட்டார். "வா மாப்ளே. வெயில்ல வந்திருக்க, பைய இப்படிப் படு. ஃபேன் நேரா வருது பாரு."

"அத்தான், நீங்க நோயாளி. நீங்க படுங்க."

"எனக்கு என்னவே நோவு? காலைல இருந்து படுத்துப் படுத்து முதுகு வேகுது. நீ படு. ஸ்டூல்லயா உன்னை உக்கார வைக்க? உங்க அக்கா வந்தா என்னைக் கொன்னுருவா."

எப்படி இருக்கிறது பாருங்கள். இதில் என் பெயரையும் இழுத்துவிட்டாச்சு. தம்பி படுத்தான். படுத்தால் உறங்கிவிடுவான், அது அவன் பிறவி வரம். இவர் போர்வையை எடுத்து மச்சினனுக்குப் போர்த்திவிட்டு, ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, அவன் விழித்ததும் குடிக்கக் காபி வாங்கக் கீழே கேண்டீனுக்குப் போனார். லிஃப்ட் வர நேரமானதால் படியில் இறங்கினாராம். நெஞ்சு ரத்தக்குழாய் அடைத்த மனிதர்!

கம்பெனிக்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார்.

தம்பியைத் தட்டி எழுப்பி, அத்தானின் பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்று கேட்டிருக்கிறார். என் தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். சிறு வயதில் நாவற்பழம் திருடிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டியவன். அவனுக்கு அந்த ஒரு நொடியில் என்ன தோன்றியிருக்கிறது என்றால், அத்தான் காபி வாங்கக் கீழே போயிருக்கிறார் என்று சொன்னால், நடமாடுகிற ஆளுக்கு எதற்கு ஆபரேஷன் என்று கேட்டுவிடுவான் இந்த ஆள். அத்தானைக் காப்பாற்ற வேண்டும். "ஆமா, நான்தான்" என்றான். சொன்னதோடு விட்டானா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகியிருக்கிறான். வந்தவர் தண்ணீர் கொடுத்திருக்கிறார். வேறு நோய் உண்டா என்று கேட்டதற்கு, தனக்கு இருக்கிற சர்க்கரை, மூலம், குதிகால் வலி எல்லாவற்றையும் உண்மையாகச் சொல்லியிருக்கிறான். அத்தானுக்குச் சர்க்கரையே கிடையாது. வந்தவர் எழுதிக்கொண்டு, செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மேலே வந்தபோது தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து மச்சினனுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். "கம்பெனிக்காரர் வந்தாரு அக்கா. நல்லபடியா முடிச்சு அனுப்பிட்டேன்" என்றான் தம்பி. முகத்தில் அப்படி ஒரு பெருமை. முழுக்கதையையும் கேட்டேன். எனக்கு எங்கிருந்து தொடங்குவதென்றே தெரியவில்லை.

"கோட்டிப்பயலே!" என்று தம்பியிடம் தொடங்கினேன். "உங்களுக்கு அறிவு இருக்கா?" என்று இவரிடம் போனேன். மறுபடி தம்பியிடம் வந்தேன். பக்கத்து அறைக்காரர்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். இவர் காபியின் பாதியை என்னிடம் நீட்டினார். அதையும் வாங்கிக் குடித்துவிட்டுத் திட்டினேன்.

மறுநாள் காலையில் கவுண்டர் பெண்ணின் முகத்தில் சிரிப்பு இல்லை. கம்ப்யூட்டரில் வந்ததை எனக்குப் படித்துக் காட்டினாள். அட்டையில் இருக்கும் படமும் கட்டிலில் இருந்தவர் படமும் வேறு வேறு. மருத்துவமனை அனுப்பிய குறிப்பில் சர்க்கரை இல்லை, ஆள் சொன்னதில் சர்க்கரை இருக்கிறது. ஆள்மாறாட்டம் என்று சந்தேகம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்ன வாரம் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டு மனிதரின் உயிரை, என் வீட்டு மரியாதையே கொண்டுபோய்க் குழியில் வைத்திருக்கிறது. சிரிக்கவா அழவா? அப்போது நான் அழுதேன். சிரிப்பு ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது.

கம்பெனியின் எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பாட்டு பாடியது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு பெண் குரல் சொன்னது. தமிழுக்கு ஒன்றை அழுத்து என்றது, அழுத்தினேன். எதெதையோ அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். கடைசியில் ஒரு பையன் பேசினான். எங்கிருந்து பேசுகிறாய் என்றால் அதைச் சொல்ல அனுமதி இல்லை என்றான். உன் மேலதிகாரி யார் என்றால் அவரிடம் தகவல் தெரிவிக்கப்படும் என்றான். நான் போட்ட சத்தத்தை அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேறு ஏதேனும் உதவி தேவையா மேடம்?" என்றான். எத்தனையோ கல்வி அதிகாரிகளோடு சண்டை போட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு அறை இருந்தது, ஒரு முகம் இருந்தது, நான் உள்ளே நுழைந்தால் அந்த முகம் சுருங்குவதைப் பார்க்கலாம். இவனோடு எப்படிச் சண்டை போடுவது? கம்பெனிக்கு மேசை எங்கன இருக்கு என்று நம்முடைய செயலாளர் தொண்டை கிழியக் கத்தியபோது நான் வடை தின்றுகொண்டிருந்தேனே என்று இருந்தது.

அவருக்கே போன் போட்டேன். "டீச்சர், நீங்க கவலைப்படாதீங்க. நாளைக்கு வெள்ளனே சங்கம் அங்கன நிக்கும்" என்றார்.

இதற்கிடையில் கவுண்டர் பெண் நல்ல வேலை ஒன்று செய்தாள். நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுங்கள், மறுபடி ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன் என்றாள். எழுதினேன். 'என் கணவர் தன் மைத்துனருக்கு மரியாதை நிமித்தம் கட்டிலைக் கொடுத்துவிட்டு' என்று எழுதும்போது, இதை எந்த ஊர்க் கம்பெனிக்காரன் நம்புவான் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவள் வாசித்துவிட்டு, "எங்க சித்தப்பாவும் இப்படித்தாம்மா" என்றாள்.

மறுநாள் காலையில் சங்கம் வந்தது. செயலாளர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், சர்வேயர் ஒருவர். ஒரு துணிப்பதாகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்கள். தம்பியும் ஏரலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, குற்றவாளி மாதிரி சுவரோரம் நின்றான். நான் இவரிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். "இன்னைக்கு யார் வந்தாலும் நீங்க கட்டிலை விட்டு எந்திரிக்கக் கூடாது. முதலமைச்சரே வந்தாலும் படுத்துட்டே கும்பிடுங்க."

"சரிட்டி, சரி. படுத்தே கிடக்கேன்" என்றார்.

நான் மருந்துச் சீட்டோடு கீழே போய்விட்டுத் திரும்பி வந்தேன். கட்டிலில் செயலாளர், தபால்காரர், சர்வேயர் மூன்று பேரும் வரிசையாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் கணவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு ஃப்ளாஸ்க்கிலிருந்து அவர்களுக்குக் காபி ஊற்றுகிறார். எனக்குப் பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தால், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு ஆள். தம்பி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சொன்னான், இவர்தான் என்று.

வந்தவர் கட்டிலைப் பார்த்தார். மூன்று பேர். கையிலிருந்த தாளைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை. லிஃப்ட் அன்றைக்கும் வரவில்லை போலிருக்கிறது.

என் கணவர் பெயரை வாசித்து, "இதுல அவரு யாருங்க?" என்றார்.

யாரும் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் ஃப்ளாஸ்க்கை வைத்துவிட்டு முன்னால் வந்துவிட்டார். "ஐயா, முதல்ல உக்காருங்க. இப்படி வேர்த்து வந்திருக்கீங்களே! ஓய், கொஞ்சம் தள்ளி உக்காரும்வே, சாருக்கு இடம் விடும்." சர்வேயரைத் தோளைப் பிடித்து நகர்த்தி, கம்பெனிக்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அந்தக் கட்டிலிலேயே உட்கார வைத்தார். கையில் காபித் தம்ளரையும் கொடுத்தார். அந்த மனிதர் தம்ளரையும் அதைக் கொடுத்தவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "லெட்டர்ல எழுதியிருந்தது இவரைத்தானா மேடம்?" என்றார்.

"ஆமா. இவரேதான்" என்றேன். எனக்கு அவமானமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அந்த ஆள் சிரித்தார் பாருங்கள், காபி சட்டையில் சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். தம்பி அந்தச் சமயம் பார்த்து முன்னால் வந்து, "சார், நான் சொன்னது அத்தனையும் பொய் சார். சர்க்கரை மட்டும் நிஜம்" என்றான். மூலத்தையும் குதிகாலையும் சபையில் சொல்ல அவனுக்கு வெட்கம்.

பிறகு அவர் வேலையைச் செய்தார். இவருடைய கைரேகையை வாங்கினார், படம் எடுத்தார், டாக்டர் கொடுத்த குறிப்புகளைப் பார்த்தார். அவர் மதுரைப்பக்கத்து ஆள். ஒரு நாளில் நாலு ஊர் ஆஸ்பத்திரிக்கு பைக்கில் போகிறாராம். என் வாய் சும்மா இருக்குமா? "உங்களுக்கு உங்க கம்பெனில நல்ல இன்சூரன்ஸ் குடுத்திருப்பாங்களே?" என்று கேட்டேன்.

"நான் காண்ட்ராக்ட் மேடம். எனக்கெல்லாம் கிடையாது" என்றார், காபியைக் குடித்துக்கொண்டே.

சங்கத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கக்கத்திலிருந்த பதாகையைச் செயலாளர் மெல்ல எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "அடுத்த கூட்டத்துல உமக்கும் சேத்து ஒரு தீர்மானம் போடுதோம்வே" என்றார். சொன்னபடி போட்டார். நானும் கை தூக்கினேன். அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், வடையைத் தொடவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை, கதவுக்கு வெளியேதான் இருந்தேன். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது அதற்கு முந்தின நாள் சாயங்காலம்.

அனுமதி வந்துவிட்டதென்று போனில் செய்தி வந்தது. கவுண்டர் பெண் மேலே ஓடிவந்து வேறு சொன்னாள். தம்பி அழுதுகொண்டே பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டான். நான் செய்தியைச் சத்தமாக வாசித்தேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. இவர் ஜன்னலோரம் நின்று, கீழே பஸ் ஸ்டாப்பில் கல்லூரிப் பிள்ளைகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

"என்னங்க, காதுல விழுந்துதா? நாளைக்குக் காலைல பண்ணிருவாங்க."

"அப்போ அறுக்கத்தான் போறாங்க" என்றார்.

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சத்தத்தில் சிரிப்பு ஒரு மூலையிலாவது இருக்கும். அன்றைக்கு இல்லை.

"ஏட்டி, எனக்கு அந்தக் கட்டில்ல படுக்க முடியல. எங்க அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்தாரே, அதோட எந்திரிக்கவே இல்லையே. படுத்து மேல பாத்தா அவரு நெனப்புத்தான் வருது. யாராவது வந்தா அவங்களுக்குக் கொடுத்துரலாம்னு வாசலையே பாத்துட்டு இருப்பேன். உன் தம்பி வந்தான் பாரு, சாமி வந்த மாதிரி இருந்துச்சு."

நான் போனை ஸ்டூலில் வைத்தேன். மரியாதை, பழக்கம், வியாதி என்று நான் என்னென்னவோ பெயர் வைத்துத் திட்டித் தீர்த்தது, இந்த மனிதனின் பயத்தை. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலில் ஏறி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நானே மல்லாக்கப் படுத்தேன்.

"என்னட்டி செய்யுத?"

"மேல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்குதேன்."

"என்ன இருக்கு?"

"ஒரு ஃபேன். ஒரு பல்லி. பல்லிக்கு வால் இல்ல."

"வால் இல்லையா? எங்கன?"

"இங்கன இருந்து பாத்தாத்தான் தெரியும்."

வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு காலைத் தூக்கி வைத்தார். நகர்ந்து இடம் விட்டேன். அது ஒரு ஆள் படுக்கிற கட்டில், நாங்கள் இரண்டு பேரும் ஒல்லியானவர்கள் இல்லை. ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு படுத்துப் பல்லியைப் பார்த்தோம். "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். "உனக்கா?" என்று நம்பாமல் கேட்டார். "எனக்குத்தான்" என்றேன். அவர் கை என் கையைத் தேடிப் பிடித்தது. உள்ளங்கை சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு பேருக்கும் பயம்னா அப்ப யார் யாரைத் திட்டுறது?" என்றார். குரலின் அந்த மூலையில் சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் ஒருத்தி வந்தாள். சாயங்கால வேலைக்கு அன்றைக்குத்தான் புதிதாக மாறி வந்தவள். தட்டில் ஊசியும் பஞ்சும். கட்டிலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சி இது, நல்லா இருக்கே! ரெண்டு பேருல பேஷண்ட் யாரு?"

நான் எழுந்திருக்கப் போனேன். அவர் என் கையை விடவில்லை.

"நான்தாம்மா" என்றார். சொல்லிவிட்டு, படுத்தபடியே மற்றக் கையின் சட்டையை மேலே ஏற்றிக்கொண்டு ஊசிக்கு நீட்டினார்.